லிஃப்ட்காரி வீட்டு இரவல் ஃபிரிட்ஜ்

"என் வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்து, ஐயோ பாவம்னு உச்சுக்கொட்டிட்டுப் போகணுமா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காது பெரியம்மா."

இப்படி என் மேல் பாய்ந்தவள் பக்கத்து வீட்டு லிஃப்ட்காரி. பாயும்போது என்னுடைய ஆறு கண்ணாடிக் கோப்பைகளும் அவள் கையிலிருந்த தட்டில் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. இரவல் வாங்க வந்த வீட்டிலேயே சண்டை பிடிக்கும் பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"அடியே, அவன் வர்றதே நீ ஏழையா இல்லையான்னு பாக்கத்தான். வீட்டை இருக்கிறபடி விட்டாலே போதும். நீ ஒரு துரும்பையும் நகர்த்த வேணாம்."

"ஏழைக்கு எவன் பெரியம்மா பணம் குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு, என் கோப்பைகளோடு போய்விட்டாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்து நடுவில் அலுவலகங்கள் அடுக்கடுக்காக இருக்கும் ஒரு பழைய கட்டடத்தில் அவள் லிஃப்ட் ஓட்டுகிறாள். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பிடியைத் திருப்பி, ஏறியவர்களை அவரவர் மாடியில் இறக்கிவிட வேண்டும். நாள் முழுக்க ஊரையே மேலே தூக்கி விடுகிறவள் குடியிருப்பதோ எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில். அங்கே லிஃப்ட் கிடையாது. சாயங்காலம் படியேறி வரும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிடுவாள். மூச்சு அடங்கி, முகம் துடைத்து, கைக்குட்டையில் முடிந்து வைத்த பவுடரை ஒற்றிக்கொண்டு, அப்போதுதான் புறப்பட்டவள் போல நாலாவது மாடிக்கு வந்து சேர்வாள். அவளுக்கு மூச்சு வாங்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சுவர் மெல்லிசு.

மனிதர்களுக்கு அவள் மாடியைத்தான் பெயராக வைத்திருந்தாள். "இன்னைக்கு ரெண்டாம் மாடிக்குப் பல்வலி", "எட்டாம் மாடி ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல" என்று வந்து சொல்வாள். அவளுக்கு மிகவும் வேண்டியவர் ஆறாம் மாடி. கனத்த உடம்புக்காரர், ஏதோ பெரிய அதிகாரி. படி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாதாம். ஒரு நாள் அவர், "ஏம்மா, நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கீங்களே, கஷ்டமா இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். இவளுக்கு அது பொறுக்குமா? "வீட்ல சும்மா இருந்தா பொழுது போகல சார். அதான் வேலைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவர் லிஃப்டில் ஏறும்போதெல்லாம், "என்னம்மா, பொழுது போகுதா?" என்பார். இவளும், "நல்லாப் போகுது சார்" என்பாள். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

புருஷன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் ஒரு கால் மடங்காது. இப்போது தரையில் நின்று அடிக்கக்கூடிய வேலி, கேட், இரும்புப் பெட்டி இவைதான் வரும்படி. அதுவும் வந்தால்தான். பேச்சு குறைந்த மனிதர். அவளைக் கட்டிக்கொண்ட பிறகு குறைந்ததா, முதலிலேயே அப்படியா என்று தெரியவில்லை.

ஏழைக்கு எவன் பணம் குடுப்பான் என்று அவள் கேட்டதற்கும் காரணம் உண்டு. அவர் விழுந்த வருஷம், காலுக்கு ஆபரேஷன் செய்ய பேங்கில் கடன் கேட்டாள். வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வந்தான். வெறும் தரையையும் சுவரில் சாத்தியிருந்த பாயையும் பார்த்தான். "பாவம்மா நீங்க" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனான். கடன் கிடைக்கவில்லை. அதே வாரம் எங்கள் கட்டடத்து இரண்டாவது மாடி கடைக்காரருக்குக் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது, சொந்தக் கடை இருக்கிறதே. அதிலிருந்து அவள் ஒரு பாடம் படித்து வைத்திருந்தாள்: வீட்டைப் பார்க்க வருகிறவன் வீடு நிறையப் பார்க்க வேண்டும். பாவம் என்று சொல்கிறவன் எதையும் தர மாட்டான். தப்பு என்று எப்படிச் சொல்வது? பேங்குக்கு அது சரியான பாடம்தான்.

இப்போது வந்தது பேங்க் இல்லை. மகள் விஷயம். பெண் கெட்டிக்காரி. வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. படிப்புக்குச் சம்பளம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அங்கே தங்க வேண்டும், சாப்பிட வேண்டும். அதற்கு உதவித்தொகை உண்டு, குடும்பத்துக்கு வசதி இல்லை என்றால் மட்டும். வசதி உண்டா இல்லையா என்று வட்டார அலுவலகத்திலிருந்து வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். அது கிடைக்கவில்லை என்றால் பெண் போக முடியாது. பெயர் மட்டும் கல்லூரியில் சேர்ந்தால் போதுமா, வயிறும் சேர வேண்டாமா? கல்லூரி திறக்கும் நாளுக்குள் போய்ச் சேரவில்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

எங்கள் கட்டடத்தில் இந்த விசாரணை புதிது இல்லை. விசாரணைக்கு ஆள் வரும் நாளில் என் வீடு கடைத்தெரு மாதிரி இருக்கும். எதிர்வீட்டு டிரைவர் பெண்டாட்டி, மகனுக்கு இதே உதவித்தொகை கேட்டபோது தன் ஃபிரிட்ஜை என் வீட்டில்தான் கொண்டுவந்து நிறுத்தினாள். மூன்றாவது மாடித் தையல்காரர் வாடகைச் சலுகைக்காக சோபாவை என் கட்டில் மேல் தூக்கிப் போட்டார். அன்று நான் தரையில் படுத்தேன். எனக்கும் விதவைப் பணம் வருகிறது. அதற்கு வருஷா வருஷம் ஆள் வந்து, என் புருஷன் செத்தது உண்மைதானா என்று கேட்பான். மனிதர் ஒரே தடவைதான் செத்தார். நான் இருபது தடவை நிரூபித்துவிட்டேன். அவன் வரும் அன்று என் டிவி டிரைவர் வீட்டுக்குப் போய்விடும். இப்படி எல்லோரும் சாமானை வெளியே கொண்டுபோகிற கட்டடத்தில், உள்ளே கொண்டுவந்த ஒரே ஆள் எங்கள் லிஃப்ட்காரி.

விசாரணை அன்று காலையில் டிரைவர் வீட்டு ஃபிரிட்ஜ் லிஃப்ட்காரி வீட்டுக்குப் போயிற்று. தையல்காரர் சோபா மேலே வந்தது. வாசலில் மாட்டிக்கொண்டது. ஒரு காலைக் கழற்றி உள்ளே தள்ளிய பிறகு கதவு பாதிதான் திறந்தது. மகள் வீட்டில் இருந்திருந்தால் தடுத்திருப்பாள். அவள் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போயிருந்தாள். பெயிண்டருக்கு ஒரே கட்டளை.

"நீ வாயே திறக்காத. அவரு எது கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு."

அவர் அப்போதே தலையை ஆட்டினார்.

நானும் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். விசாரணையைப் பார்க்க இல்லை, என் கோப்பைகளுக்குக் காவல்.

வந்தவன் சின்ன வயசுக்காரன், தோளில் ஒரு பை. பாதிக் கதவு வழியாக ஒருக்களித்து நுழைந்து நேராக சோபாவில் விழுந்தான். வேர்த்துக் கொட்டியது. அந்த வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ஃபிரிட்ஜைப் போட்டதால் மின்விசிறி நின்றிருந்தது.

"இந்த ஃபிரிட்ஜ் சொந்தமாம்மா?"

"பின்ன, வாடகைக்கா?"

அவன் எழுதிக்கொண்டான். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தான். அதில் என்ன வைப்பது என்று தெரியாமல், வீட்டில் இருந்த எவர்சில்வர் தட்டுகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள்.

"தட்டெல்லாம் உள்ள இருக்கே?"

"எங்களுக்குத் தட்டு சில்லுனு இருந்தாத்தான் சோறு இறங்கும் தம்பி."

அதையும் எழுதினான். பிறகு சுவரைப் பார்த்தான். ஒரு சுவர் பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று ரோஜா நிறம். பெயிண்டர் வேலை செய்த வீடுகளில் மிஞ்சியதைக் கொண்டுவந்து அடித்தது.

"இது ரொம்ப விலை கூடின பெயிண்ட்டாச்சே?"

"நாங்க மட்டமானத சுவத்துல ஏத்துறதில்ல" என்றாள்.

நான் இருமினேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், என் கோப்பையிலேயே.

அந்த நேரம் பார்த்து டிரைவர் பெண்டாட்டி பாதிக் கதவில் தலையை நீட்டினாள். "ஏய், எங்க புள்ளைக்கு வச்ச பாலு உள்ள இருந்துச்சே, எங்கடி?" தட்டுக்கு இடம் வேண்டும் என்று இவள் பாலை ஜன்னலில் வைத்திருந்தாள். அது வெயிலில் திரிந்துவிட்டது. இவள் அசரவில்லை. விசாரணைத் தம்பியைப் பார்த்து, "பாவம், அக்கம்பக்கத்துல இல்லாதவங்க எல்லாம் நம்ம ஃபிரிட்ஜுலதான் வச்சுக்குவாங்க" என்றாள். டிரைவர் பெண்டாட்டியின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

தம்பி கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். "உங்க சம்பளம் இவ்வளவுதான்னு போட்டிருக்கு. இதுல இவ்வளவும் வாங்க முடியாதே. வேற வருமானம் ஏதாவது இருக்கா?"

பெயிண்டர் தலையை ஆட்டினார்.

நான் என் தலையில் அடித்துக்கொண்டேன்.

தம்பி போன பிறகு அவள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள். "பாத்தீங்களா பெரியம்மா? ஒரு தடவகூட பாவம்னு சொல்லல."

கடிதம் வந்த அன்று மகள் அதை உரக்கப் படித்தாள். 'மேற்படி குடும்பம் வசதியான குடும்பம்' என்ற இடத்தில் லிஃப்ட்காரியின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. என் கண்ணால் பார்த்தேன். 'ஆகவே உதவித்தொகைக்குத் தகுதி இல்லை' என்று அடுத்த வரி வந்ததும்தான் வாடியது.

மகள் கடிதத்தை மடித்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா, பாஸ் ஆகக் கூடாத பரிட்சை உலகத்துல இது ஒண்ணுதான். அதுல போய் நீ நூத்துக்கு நூறு வாங்கிட்ட."

பெட்டியில் எடுத்து வைத்திருந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் திரும்பவும் போட ஆரம்பித்தாள். லிஃப்ட்காரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆனால் ஒரு வழி இருந்தது. மேல்முறையீடு செய்யலாம், சாமான் தங்களுடையது இல்லை என்றால் உரியவரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். லிஃப்ட்காரி வெட்கத்தை விட்டு டிரைவர் வீட்டுக்குப் போனாள்.

"எந்த ஃபிரிட்ஜ்?" என்றாள் டிரைவர் பெண்டாட்டி. "எங்ககிட்ட ஃபிரிட்ஜே கிடையாதே. போன வருஷமே எழுதிக் குடுத்திருக்கேன்." அவளுடைய ஃபிரிட்ஜ் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று உறுமிக்கொண்டிருந்தது. "அப்புறம், நாங்கதான் இல்லாதவங்களாச்சே."

தையல்காரர் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். "தங்கச்சி, அந்த சோபாவை எனக்குப் பழக்கம் உண்டு. சொந்தம் கிடையாது."

என்னிடம் வந்தாள். கோப்பைகளுக்கு வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். யாரும் அதைக் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய இடி, மேல்முறையீட்டை எங்கே கொடுப்பது என்பதில் இருந்தது. மகள் முகவரியைப் படித்தாள். நகரத்து நடுவில் பழைய கட்டடம், ஆறாவது மாடி.

"வேற மாடி இல்லையா?" என்றாள் லிஃப்ட்காரி.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அன்று லீவு போட்டிருந்தாள். அவள் லிஃப்டை வேறு ஒருவன் ஓட்டினான். தரைக்கு ஒரு விரல்கடை மேலேயே நிறுத்தினான். அந்த நிலைமையிலும் அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பாருங்க, தடுக்கி விழற மாதிரி நிறுத்துறான்" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

ஆறாம் மாடி பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்கம்மா. என்ன, இன்னைக்குப் பொழுது இங்க போகுதா?" பிறகு கையில் இருந்த தாளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இது நீங்களா?"

"நான்தான் சார்."

"நீங்க வசதியா இருக்கிறவங்கதானே? பொழுதுபோக்குக்கு வேலைக்கு வர்றதா நீங்களே பல தடவ சொல்லியிருக்கீங்க."

லிஃப்ட்காரி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"பொய் சொன்னேன் சார்" என்றாள். "சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனா எங்க வீட்டு அடுப்பு எரியாது. அந்த ஃபிரிட்ஜும் சோபாவும் இரவல். எங்க வீட்ல உக்கார ஒண்ணும் கிடையாது. நாங்க..." கைக்குட்டையைக் கசக்கினாள். "நாங்க ஏழைங்க சார்."

சொல்லிவிட்டாள். அவளுடைய பவுடர் முகத்தில் கோடு கோடாகக் கரைந்திருந்தது.

அவர் பேனாவை உருட்டினார். "அப்போ அது யாரோடதுன்னு எழுத்துல வேணுமேம்மா. ஒரு ரசீதாவது வேணும். சும்மா சொன்னா எப்படி நம்புறது?"

அவ்வளவுதான். பழைய லிஃப்ட்காரி திரும்பி வந்துவிட்டாள்.

"சார், ஃபிரிட்ஜ் என்னோடதுன்னு சொன்னப்ப அந்தத் தம்பி ரசீது கேக்கல. என்னோடது இல்லன்னு சொன்னா நீங்க கேக்குறீங்க. இருக்குன்னா உடனே நம்புறீங்க. இல்லன்னா சாட்சி கேக்குறீங்க. இல்லாததுக்கு எந்தக் கடையில சார் ரசீது குடுக்கிறான்?"

அறையில் இருந்த குமாஸ்தா தலையைக் குனிந்து சிரித்தான். ஆறாம் மாடி சிரிக்கவில்லை. அந்தத் தாளை மடித்து வைத்தார்.

"நானே வந்து பாக்குறேன்" என்றார்.

"எப்போ சார்?"

"அதைச் சொன்னா நீங்க மறுபடியும் சோபா வாங்கிடுவீங்க."

அவர் வந்தது ஒரு விடுமுறை நாள். முதலில் சத்தம்தான் வந்தது. படியில் யாரோ மரம் அறுக்கிற மாதிரி மூச்சு விட்டார்கள். எட்டிப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆறாம் மாடி எங்கள் நாலாம் மாடிக்கு வந்துகொண்டிருந்தார். லிஃப்ட்காரி கிழிந்த துணியைக் கட்டிக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் பவுடர் இல்லை. அவரைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"பெரியம்மா, ஒரே ஒரு நாற்காலி. மனுஷன் மூச்சு முட்டி நிக்கிறார். சும்மா உக்கார."

நான் கதவை அவள் மூக்குக்கு நேராகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

வெளியே நின்று தட்டினாள். கெஞ்சினாள். என்னைக் கல் நெஞ்சுக்காரி என்றாள். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த உதவிகளில் பெரியது அந்தத் தாழ்ப்பாள்தான். பிறகு சுவரில் காதை வைத்தேன். சுவர் மெல்லிசு என்று முன்பே சொன்னேன்.

பெயிண்டர் ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். ஆறாம் மாடி அதில்தான் உட்கார்ந்தார். டப்பா கிரீச்சென்று அழுதது எனக்கே கேட்டது.

"ஃபிரிட்ஜ் எங்க?" என்றார்.

லிஃப்ட்காரி இன்னும் என் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல பெயிண்டரைத் தவிர ஆள் இல்லை.

"அது வந்துட்டுப் போயிடுச்சு சார்."

"சோபா?"

"அதுவும்தான். ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, ஒண்ணா போச்சு."

"வேற வருமானம் இருக்குன்னு தலைய ஆட்டினீங்களாமே?"

"ஆட்டச் சொன்னா சார். அவ சொன்னா எதுக்கும் ஆட்டுவேன்."

"இந்தச் சுவர் பெயிண்ட்?"

அதைக் கேட்டதும் மனிதருக்குப் பேச்சு வந்துவிட்டது. இந்தப் பச்சை ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறை சார், அந்த மஞ்சள் ஒரு பள்ளிக்கூடத்து மாடி, ரோஜா நிறம் ஒரு வக்கீல் தன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் தேர்ந்தெடுத்து, அவள் வந்து பார்த்து வேண்டாம் என்றது, மிச்சத்தைக் கொட்டச் சொன்னார்கள், எனக்கு மனசு வரவில்லை என்று ஒவ்வொரு சுவருக்கும் வரலாறு சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. நாலாவது சுவருக்கு மிச்சம் கிடைக்கவில்லை, அதனால் அது வெறும் சிமெண்ட்டாகவே இருக்கிறது என்று முடித்தார்.

ஆறாம் மாடி டப்பாவிலிருந்து எழுந்தார். போகும்போது வாசலில் லிஃப்ட்காரி எதிரில் நின்றதை என் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் ஐயோ பாவம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொன்னால் இவள் அங்கேயே சண்டைக்குப் போவாள், பெண்ணின் படிப்பும் போகும்.

"இந்தப் படிய தினமும் ஏறுறீங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"மூச்சு வாங்காதா?"

லிஃப்ட்காரி என் கதவைப் பார்த்தாள். பிறகு, "வாங்கும் சார்" என்றாள்.

மறுநாள் லிஃப்டில் அவர் ஏறினாராம். இவள் பிடியைத் திருப்பினாள். பொழுது போகுதா என்று அவர் கேட்கவில்லை. ஆறாவது மாடியில் தரைக்குத் தரை சரியாக நிறுத்தினாள். அவர் இறங்கி, திரும்பி, "கையெழுத்துப் போட்டாச்சு" என்றார். இவள் கம்பிக் கதவைச் சாத்த மறந்து அப்படியே நின்றாளாம். மேலே எட்டாம் மாடி மணியை அடித்து அடித்து ஓய்ந்துபோயிற்று.

கொடியில் கிடந்த துணி மறுபடியும் பெட்டிக்குள் போனது. பெண் புறப்பட்டுப் போனாள். அவள் தங்கவும் சாப்பிடவும் அங்கேயே பணம் வந்துவிடுகிறது. டிரைவர் பெண்டாட்டி மட்டும் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு அவளுக்கு விசாரணை வந்தது, ஃபிரிட்ஜை என் வீட்டுக்குத் தூக்க ஒரு கை குறைந்தது, பேசிவிட்டாள்.

அடுத்த சம்பளம் வந்ததும் லிஃப்ட்காரி என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உதவித்தொகைக்கு வருஷா வருஷம் ஆள் வந்து பார்ப்பான். வருகிறவனை டப்பாவில் உட்கார வைக்க முடியாதாம். நாற்காலி வாங்கலாமா என்று ஆறாம் மாடியிடமே கேட்டுவிட்டாளாம். நாற்காலி எங்கள் கணக்கில் வராது, தாராளமாக வாங்குங்கள் என்றாராம். சிவப்பு நிற பிளாஸ்டிக் நாற்காலி, கை வைத்தது. கடைக்காரன் முந்நூறு என்றான். கையில் கீறல் இருக்கிறது என்று நான் சொன்னேன். எங்கே என்றான். தேடிப் பாரு என்றேன்.

நாலு மாடியும் அவளே தலையில் வைத்துத் தூக்கி வந்தாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அதைக் கீழே வைத்து, அதிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கட்டடத்தில் யார் கேட்டாலும் ஐந்நூறு என்று சொல்கிறாள். கூடப் போனவள் நான். இருநூற்று அறுபது.